பூட்டிய அலமாரிகளும் படிக்காத மாணவர்களும்

கல்லூரி மாணவர்கள் பாடப் புத்தகத்தைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை என்று வருத்தப்படாத ஆசிரியரைப் பார்ப்பது அரிது. பெற்றோர் கைப்பேசியைக் குறை சொல்கிறார்கள். பேராசிரியர்கள் பள்ளிக்கூடத்தைச் சொல்கிறார்கள். பட்டமளிப்பு விழா மேடைகளில் ஒரு தலைமுறையே வாசிப்பைக் கைவிட்டுவிட்டதாகத் தீர்ப்பு வழங்கப்படுகிறது. இந்தத் தீர்ப்பு எனக்கு ஏற்புடையதல்ல. மாணவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன்னால், அவர் படிக்கும் கல்லூரியின் நூலகத்துக்குள் ஒருமுறை போய்வர வேண்டும்.

வாசலில் பையை வைக்க வேண்டும். பதிவேட்டில் பெயர், துறை, நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உள்ளே நுழைந்தால் எடுத்த எடுப்பில் கண்ணில் படுபவை பாடநூல்கள், பழைய வினாத்தாள் தொகுப்புகள், போட்டித் தேர்வு வழிகாட்டிகள், இரண்டு நாளிதழ்கள். கதை, கவிதை, வரலாறு, வாழ்க்கை வரலாறு எல்லாம் எங்கே என்று கேட்டால், சுவரோரம் நிற்கும் இரும்பு பீரோக்களையோ கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிகளையோ காட்டுவார்கள். சாவி நூலகரிடம் இருக்கும். வேண்டிய புத்தகத்தின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் எடுத்துத் தருவார்கள். தனக்கு எந்தப் புத்தகம் வேண்டும் என்று இன்னும் தெரியாத பதினெட்டு வயதுப் பிள்ளை அந்தச் சீட்டில் எதை எழுதும்? கேட்டு வாங்கிய நாவலின் பின்னட்டையில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். கடைசி முத்திரைக்கும் இன்றைக்கும் எத்தனை ஆண்டு இடைவெளி என்பதே அந்தக் கல்லூரியின் வாசிப்பு வரலாறு.

எல்லாக் கல்லூரிகளும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. அலமாரிகளைத் திறந்துபோட்டு, புதிய நூல்களை வாசலிலேயே அடுக்கி, மாணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் புத்தகம் கொடுக்கும் நூலகர்கள் இருக்கிறார்கள். ஆனால், அவர்கள் அப்படி இருப்பது தங்கள் மனத்தால். அமைப்பு அவர்களுக்குத் துணை நிற்பதில்லை. நூலகர் பணியிடமே நிரப்பப்படாமல் அலுவலக உதவியாளர் ஒருவர் சாவியை வைத்துக்கொண்டிருக்கும் கல்லூரிகளும் உண்டு.

பூட்டுக்குக் காரணம் நூலகரின் கெடுபிடி என்று நினைத்துவிடக் கூடாது. அவருடைய பயம்தான் காரணம். ஆண்டுக்கு ஒருமுறை இருப்புச் சரிபார்ப்பு நடக்கும். காணாமல்போன புத்தகங்களுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். தன் கையிலிருந்து பணம் கட்ட நேருமோ என்ற கவலை ஓய்வு பெறும் நாள்வரை அவரை விடாது. பத்தாயிரம் புத்தகங்களையும் அப்படியே திருப்பி ஒப்படைப்பவர் நல்ல நூலகர், பத்தாயிரத்தையும் மாணவர் கையில் கொடுத்து ஐம்பதைத் தொலைத்தவர் பொறுப்பற்றவர் என்று கணக்கு இருந்தால், யார்தான் பூட்டைத் திறப்பார்? இத்தனைக்கும் மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளே இதற்கு வழி சொல்லியிருக்கின்றன. 215ஆவது விதியின்படி, ஓராண்டில் புழங்கும் ஒவ்வொரு ஆயிரம் நூல்களுக்கும் ஐந்து நூல்கள் தொலைவது இயல்பான இழப்பாகக் கருதப்படலாம். நேர்மைக் குறைவோ கவனக் குறைவோ காரணமாக இருக்கக் கூடாது. 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலும் அரிய நூலும் தொலைந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். மற்றபடி, புத்தகம் புழங்கினால் கொஞ்சம் தொலையும் என்பதை அரசின் கணக்குப் புத்தகமே ஏற்றுக்கொள்கிறது. அதிகம் புழங்கினால் அதிகம் தொலையலாம் என்று அந்தக் கணக்கு அமைந்திருப்பதையும் கவனியுங்கள். நம் பல்கலைக்கழகங்களும் உயர்கல்வித் துறையும் இதே போன்ற ஒரு வரியைக் கல்லூரி நூலகர்களுக்கு எழுத்தில் கொடுத்தால் பாதிப் பூட்டுகள் தானாகத் திறக்கும்.

இதையெல்லாம் உலகுக்குச் சொல்லிக் கொடுத்தவர் நம் ஊர்க்காரர். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் வெளிவந்த அவருடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகள் இன்றும் உலகெங்கும் பாடமாக இருக்கின்றன. அவர் வைத்த முதல் விதியே, புத்தகம் பாதுகாக்கப்படுவதற்காக இல்லை, பயன்படுவதற்காக இருக்கிறது என்ற பொருளில் அமைந்தது. அவர் தந்த ஊக்கத்தால் அதே 1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. அன்றைக்குக் கல்லூரிக்குப் போனவர்கள் மிகச் சிலர். புத்தகம் மக்களைத் தேடிப் போனது. இன்றைக்கு உயர்கல்விச் சேர்க்கையில் தேசிய சராசரி 28.4 விழுக்காடாக இருக்க, தமிழ்நாடு 47 விழுக்காட்டில் நிற்கிறது. 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வின் கணக்கு இது. இத்தனை இளைஞர்களைக் கல்லூரி வளாகத்துக்குள் கொண்டுவந்து சேர்த்த ஒரு சமூகம், அங்கே புத்தகத்தை பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறது.

பிள்ளைகளுக்குப் படிக்கவே விருப்பமில்லையே என்பார்கள். 'பொன்னியின் செல்வன்' படத்தின் முதல் பாகம் 2022இல் வந்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். கல்கி 1950களின் முற்பகுதியில் தொடராக எழுதிய ஐந்து பாக நாவல் அது. கல்லூரி மாணவர்கள் அதைத் தேடிப் போய் வாங்கினார்கள். பேருந்தில் படித்தார்கள், கைப்பேசியில் படித்தார்கள், ஒலிப்புத்தகமாகக் கேட்டார்கள். நந்தினி யார் மகள் என்று விடுதி அறைகளில் வாதம் செய்தார்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனதால் மலிவுப் பதிப்புகள் தாராளமாகக் கிடைத்தன. பத்துப் பக்கம் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் என்று நாம் முடிவு கட்டிய அதே பிள்ளைகள், இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் படித்தார்கள். ஆவலும் இருந்தது, புத்தகமும் கைக்கெட்டும் விலையில் இருந்தது, அதைப் பற்றிப் பேச நண்பர்களும் இருந்தார்கள். மூன்றும் சேர்ந்தபோது யாரும் அவர்களைப் படிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

மாவட்ட மைய நூலகங்களுக்கும் சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கும் போய்ப் பாருங்கள். இடம் கிடைக்காத அளவுக்கு இளைஞர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரும்பாலோர் தங்கள் சொந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு என்று தயாராகிறவர்கள். வீட்டில் தனியாக ஒரு மேசை இல்லாத பிள்ளைகளுக்கு நூலகம் கொடுக்கும் நாற்காலியும் மின்விசிறியும் பெரிய உதவி. அவர்களை ஒரு சொல்லும் குறை சொல்ல மாட்டேன். வேலை என்பது அவர்கள் குடும்பத்தின் முழு எதிர்பார்ப்பு. ஆனால், எட்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து படிக்கத் தெரிந்த அந்த இளைஞருக்குப் பின்னால் நிற்கும் அலமாரியில் என்ன இருக்கிறது என்று கல்லூரியில் இருந்த மூன்று ஆண்டுகளில் யாராவது அவருக்குச் சொல்லியிருந்தால், அந்த எட்டு மணி நேரத்தில் அரை மணி அந்தப் பக்கமும் போயிருக்கும்.

வாசிப்பு ஓர் இளைஞருக்குள் என்ன செய்கிறது என்பதை இங்கே பேசியாக வேண்டும். இப்போது பல கல்லூரிகளில் ஆளுமை வளர்ச்சி வகுப்பு நடக்கிறது. நேர்முகத் தேர்வில் எப்படி உட்கார வேண்டும், எப்படிக் கைகுலுக்க வேண்டும், தன்னைப் பற்றி இரண்டு நிமிடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்றெல்லாம் திரையில் படம் போட்டுக் கற்றுத்தருகிறார்கள். வேலைக்கு அது தேவை. ஆனால், ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்று கேட்டதும் முதல் தலைமுறைப் பட்டதாரி திணறுவது ஆங்கிலம் வராததால் மட்டும் இல்லை. தன் வாழ்க்கை சொல்லத் தகுந்தது என்று அவருக்கு யாரும் காட்டியதில்லை. அப்பா செங்கல் சூளையில் வேலை பார்த்ததை, அம்மா நூறு நாள் வேலைக்குப் போவதை, கடனுக்குப் பயந்து ஊர் மாறியதை மறைக்க வேண்டிய செய்திகளாகவே அவர் சுமந்து வருகிறார். அதே வாழ்க்கையை ஒருவர் எழுதி, அச்சடித்து, அதை நாட்டில் பலரும் மதித்துப் படிக்கிறார்கள் என்று தெரியவரும்போது அந்தப் பிள்ளை நிமிர்கிறது.

‘அசுரன்’ படத்தை 2019இல் பார்க்காத மாணவர் குறைவு. அதன் மூலமான பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்த, அளவில் சிறிய நாவல். படம் அப்பாவின் பழைய கதையை விரித்து அவரை நாயகனாக்கியது. நாவலோ பதினைந்து வயதுச் சிதம்பரத்தின் கூடவே நடக்கிறது. கொலை முதலிலேயே முடிந்துவிடுகிறது. மீதிப் பக்கங்கள் முழுக்க ஒளிந்து திரியும் நாள்கள். எங்கே படுப்பது, எதைத் தின்பது, அம்மா இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள் என்பதே கதை. கரிசல் காட்டில் அப்பாவும் மகனும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிறார்கள், பேசிக்கொள்கிறார்கள். அடியும் வெட்டும் ஒரு நொடியில் முடிந்துவிடும், அதற்குப் பிறகான காலம்தான் நீளமானது என்பதைத் திரையில் பார்த்ததைவிட ஆழமாக அந்தப் பக்கங்களில் மாணவர் உணர்வார். ஒரு தகராறில் கையை ஓங்குவதற்கு முன் ஒரு கணம் நிற்கும் பழக்கம் இத்தகைய வாசிப்பிலிருந்து வரக்கூடும். அது எந்த மதிப்பெண் பட்டியலிலும் ஏறாது.

அந்த நிதானம் இன்றைக்கு நமக்கு எவ்வளவு தேவை என்று விளக்க வேண்டியதில்லை. 2023இல் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவர் தன் வீட்டிலேயே சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, பள்ளி, கல்லூரி மாணவர்களிடையே வேரோடியுள்ள சாதி உணர்வை ஆராய்ந்து 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் கயிற்றின் நிறத்தில்கூட சாதி இருக்கிறது. பக்கத்து பெஞ்சில் இருப்பவனின் தெருவுக்குள் ஒருநாளும் போயிராத மாணவர், பாமாவின் ‘கருக்கு’ வழியாக அங்கே போகலாம். 1992இல் வந்த அந்தத் தன்வரலாறு நூறு பக்கச் சொச்சம்தான். சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ வழியாகத் தான் ஒருபோதும் நுழைய முடியாத வீட்டுக்குள் போய்ப் பெண்களின் பேச்சைக் கேட்கலாம். ஒரு நாவல் சாதியை ஒழித்துவிடும் என்று சொல்லும் அளவுக்கு எனக்குத் துணிவில்லை. ஆனால், அடுத்தவருடைய வலியை அவர் வாயால் ஒரு தடவை முழுதாகக் கேட்டவர், கயிற்றைக் கட்டும்போது அதைப் பற்றி யோசிக்கவாவது செய்வார்.

தன்முன்னேற்ற நூல்களைப் படிக்கும் மாணவர்களைச் சில இலக்கியவாதிகள் ஏளனமாகப் பார்ப்பதுண்டு. அது தவறு. எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ எத்தனையோ இளைஞர்களுக்கு முதல் புத்தகமாக இருந்திருக்கிறது. அப்துல் கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’ அதற்கடுத்த தலைமுறைக்கு அந்த இடத்தைப் பிடித்தது. அந்த வழியாக உள்ளே வருகிறவரை வாசலிலேயே மடக்கிக் கேலி செய்தால் அவர் திரும்பிப் போய்விடுவார். அடுத்த புத்தகத்தை அவர் கையில் கொடுப்பதே நம் வேலை. தன்முன்னேற்ற நூல் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. வாழ்க்கையோ அந்தப் பட்டியலின்படி நடக்காது. உழைத்தவர் தோற்பதும் உண்டு, நல்லவர் தவறு செய்வதும் உண்டு. அப்போது கைகொடுப்பவை அசோகமித்திரனின் கதைகளைப் போன்றவை. சினிமா நிறுவனத்தின் கடைநிலை ஊழியர், தண்ணீர்க் குடத்தோடு தெருவில் நிற்கும் பெண் என்று, பெரிய வெற்றி எதையும் காணாத மனிதர்கள் தங்கள் கண்ணியத்தை விடாமல் வாழ்ந்து காட்டுகிறார்கள். வேலை கிடைக்காத இரண்டாவது ஆண்டில் ஓர் இளைஞருக்கு அவர்களுடைய துணை வேண்டும்.

வேதியியலோ வணிகவியலோ படிக்கும் மாணவருக்குக் கதை பிடிக்காமல் போகலாம். தொ. பரமசிவனின் ‘அறியப்படாத தமிழகம்’ இருக்கிறது. உப்பைப் பற்றி, எண்ணெயைப் பற்றி, பல்லாங்குழியைப் பற்றிச் சில பக்கக் கட்டுரைகள். ஒரு கட்டுரையை இரண்டு பேருந்து நிறுத்தங்களுக்குள் முடித்துவிடலாம். பல்லாங்குழி ஆட்டத்தில் காய்கள் சமமாகத் தொடங்கி ஒருவரிடம் போய்ச் சேர்வதைச் சொத்துடைமையின் வரலாறோடு சேர்த்துப் பார்க்கிறார் அவர். பாட்டி வீட்டுத் திண்ணையில் ஆடிய ஆட்டத்துக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று வியந்த மாணவர், அதற்குப் பிறகு எதையும் சாதாரணமாகப் பார்க்க மாட்டார். கல்லூரிக் கல்வி செய்ய நினைத்து, வினா வங்கிகளுக்குள் மறந்துபோன வேலை அதுதான்.

வினா வங்கியைப் பற்றி ஒரு வார்த்தை. செமஸ்டருக்கு ஆறு தாள். தாளுக்கு ஐந்து அலகு. அலகுக்கு இத்தனை இரண்டு மதிப்பெண் வினா, இத்தனை பத்து மதிப்பெண் வினா. மூலநூலைத் திறக்காமலே, ஜெராக்ஸ் எடுத்த நோட்ஸை வைத்து முதல் வகுப்பில் தேறலாம். தமிழ்ப் பாடத்தில் ஒரு நாவல் இருந்தால் அதற்கும் கதைச் சுருக்கம் கடையில் கிடைக்கிறது. ஆகவேதான், வாசிப்புக்கு மதிப்பெண் கொடுத்துக் கட்டாயமாக்கலாம் என்ற யோசனையைக் கேட்டாலே எனக்கு அச்சம் வருகிறது. மாதம் ஒரு புத்தகம், அதற்கு ஒரு மதிப்புரை, அதற்கு ஐந்து உள்மதிப்பீட்டு மதிப்பெண் என்று ஆணை வந்தால், அடுத்த வாரமே இணையத்திலிருந்து இறக்கிய ஐம்பது மதிப்புரைகள் ஒரே எழுத்துப் பிழையோடு ஆசிரியர் மேசைக்கு வரும். செயற்கை நுண்ணறிவுச் செயலி வந்துவிட்ட பிறகு எழுத்துப் பிழைகூட இருக்காது. தனக்காகப் படிப்பதைத் தேர்வுக்காகப் படிப்பதாக மாற்றிவிட்டால், மிச்சமிருக்கும் ஒரே திறந்த வெளியையும் அடைத்துவிடுவோம்.

நேரம் இல்லை என்று மாணவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அரசு கலைக் கல்லூரிகள் பலவற்றில் சுழற்சி முறை. காலைப் பிரிவு மதியத்தோடு முடிந்துவிடும். முடிந்ததும் ஆண்கள் பலர் ஜவுளிக் கடைக்கோ, கேட்டரிங் வேலைக்கோ, உணவு விநியோகத்துக்கோ ஓடுகிறார்கள். பெண்கள் குறித்த பேருந்தைப் பிடித்துக் குறித்த நேரத்துக்கு வீட்டில் இருக்க வேண்டும். அரை மணி தாமதித்தால் கேள்வி வரும். நூலகத்தில் உட்கார்ந்து படி என்பது இவர்களுக்குப் பொருந்தாத அறிவுரை. வீட்டுக்கு எடுத்துப் போக விட வேண்டும். பாடநூலுக்கு இரண்டு அட்டை கொடுத்தால், பாடத்துக்கு வெளியே இரண்டு புத்தகங்களுக்குத் தனி அட்டை கொடுக்க வேண்டும். கட்டண ரசீதில் நூலகத்துக்கென்று ஒரு தொகையை வாங்கிக்கொள்ளும் கல்லூரிக்கு இது கடமை. விலை கொடுத்து வாங்கிப் படி என்று சொல்வதும் எளிதல்ல. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. தேர்வுக் கட்டணம், கைப்பேசிக்கு ரீசார்ஜ், விடுதிப் பாக்கி என்று அது முதல் வாரத்திலேயே கரைந்துவிடும். ஒரு நல்ல நாவலின் விலை இன்று 300, 400 ரூபாய். மாவட்டந்தோறும் நடக்கும் புத்தகத் திருவிழாக்களுக்குக் கல்லூரிப் பேருந்தில் மாணவர்களை அழைத்து வருகிறார்கள். கையில் 200 ரூபாய்க்கு ஒரு கூப்பனையும் கொடுத்து அழைத்து வந்தால் அவர்கள் வேடிக்கை பார்ப்பவர்களாக இல்லாமல் வாசகர்களாக உள்ளே வருவார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, படிக்கிற ஆசிரியர் வேண்டும். கவிஞர் மீரா சிவகங்கை மன்னர் துரைசிங்கம் அரசு கலைக் கல்லூரியில் பணியாற்றியபடியே அன்னம் பதிப்பகத்தை நடத்தினார். புதியவர்கள் பலருடைய முதல் நூல்கள் அங்கிருந்து வந்தன. கோவையில் 1971இல் தொடங்கிய ‘வானம்பாடி’ இதழைச் சுற்றி இருந்தவர்களில் கல்லூரி ஆசிரியர்கள் பலர். தொ. பரமசிவனின் மாணவர்கள் அவருடைய வகுப்பறையைவிட அவரோடு நின்ற டீக்கடைகளையே அதிகம் நினைவுகூர்கிறார்கள். இன்றைய ஆசிரியருக்குத் தரமதிப்பீட்டுக் குழுவுக்கான கோப்புகளைத் தயாரிக்கவே நேரம் போதவில்லை. கௌரவ விரிவுரையாளருக்கு அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்ற கவலை. அவர்களுடைய சுமை எனக்குத் தெரியும். ஆனாலும், தான் இந்த வாரம் படித்த ஒன்றைப் பற்றி வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் பேசுவதற்கு எந்த ஆணையும் தேவையில்லை. அறுபது பேர் இருக்கும் வகுப்பில் ஐம்பத்தாறு பேர் அதைக் கடந்துபோவார்கள். நான்கு பேர் வகுப்பு முடிந்ததும் பின்னால் வந்து, ‘சார், அந்தப் புத்தகம் பேர் என்ன சொன்னீங்க?’ என்று கேட்பார்கள். அந்த நான்கு பேருக்காகப் பேச வேண்டும். கணித ஆசிரியர் பேசினால் தமிழாசிரியர் பேசுவதைவிட அதிகம் காதில் விழும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பாடத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் விரும்பிச் சொல்கிறாரே என்று பிள்ளைகள் கவனிப்பார்கள்.

கல்லூரி முதல்வர்களுக்கு: வரும் கல்வியாண்டின் முதல் நாளிலேயே பாடத்துக்கு வெளியே உள்ள தமிழ் நூல்களைத் திறந்த அடுக்குகளுக்கு மாற்றுங்கள். தொலையும் புத்தகத்துக்கு நூலகரைப் பொறுப்பாக்க மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். ஆண்டு இறுதியில் எத்தனை புத்தகம் பத்திரமாக இருக்கிறது என்று கேட்காமல், எத்தனை புத்தகம் வீட்டுக்குப் போய்வந்தது என்று கேளுங்கள்.

மாணவர்களே, கல்லூரி அலமாரிகளைத் திறந்துவிடும் வரை காத்திருக்காதீர்கள். உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் உறுப்பினராவதற்கு ஒரு சினிமா டிக்கெட் அளவுக்குக்கூடச் செலவாகாது. நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கையில் இருக்கும் அதே கைப்பேசியில் திறக்கலாம். சிறிய புத்தகத்தில் தொடங்குங்கள். பிடிக்கவில்லை என்றால் ஐம்பதாவது பக்கத்தில் மூடிவிட்டுத் தயங்காமல் வேறொன்றை எடுங்கள். பிடித்துவிட்டால், படித்து முடித்த அன்றே அதை ஒரு நண்பரிடம் கொடுங்கள்.